திறந்து பார்த்தீர்களா? காப்புப் பிரதி பற்றிய கேள்வி பதில்

பதினெட்டு ஆண்டுகளாக, பழுதான ஹார்ட் டிஸ்குகளிலிருந்து கோப்புகளை மீட்கும் வேலை செய்கிறேன். என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லாரும் இழந்த பிறகு வருகிறவர்கள். இழப்பதற்கு முன்பே கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வாய்ப்பு இன்றுதான் கிடைத்திருக்கிறது. கேளுங்கள்.

திருச்சியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி: நான்கு ஆண்டு உழைப்பு முழுவதும் ஒரே மடிக்கணினியில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, சார்?

இன்று மாலையே தொடங்குங்கள் அம்மா. கடையில் ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். விண்டோஸ் என்றால் பைல் ஹிஸ்டரி, மேக் என்றால் டைம் மெஷின்; இரண்டும் கணினியோடு இலவசமாக வருகின்றன. டிஸ்கைச் செருகி அதை இயக்கிவிட்டால், மாறிய கோப்புகளை அதுவே எடுத்துக்கொள்ளும். நேற்றைய அத்தியாயம் வேண்டும், போன மாத அத்தியாயம் வேண்டும் என்றாலும் தரும். ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய வரம். வழிகாட்டி நீக்கச் சொன்ன பகுதியை அவரே மூன்று மாதம் கழித்துத் திரும்பக் கேட்பார்.

பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு: 3, 2, 1. மொத்தம் 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறோர் இடத்தில். இந்தக் கடைசி ஒன்றைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோது, மடிக்கணினியையும் பிரதி எடுத்த டிஸ்கையும் ஒரே பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேற்றோடு எடுத்து வந்தார்கள். உங்களுக்கு விடுதி ஓர் இடம், ஊரில் அம்மா வீடு இன்னோர் இடம். இரண்டாவது டிஸ்க் அம்மா வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு முறை ஊருக்குப் போகும்போதும் புதுப்பியுங்கள்.

அடுத்ததை இன்று பலமுறை சொல்லப் போகிறேன். எடுத்த பிரதியைத் திறந்து பாருங்கள். வேறொரு கணினியில் செருகி, ஏதாவது ஐந்து கோப்புகளைத் திறந்து, கடைசிப் பக்கம் வரை போங்கள். கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று ஒரு பொறியாளர் தவறுதலாக முதன்மைத் தரவுத்தளத்தையே அழித்துவிட்டார். அவர்களிடம் ஐந்து வழிகளில் பிரதி எடுக்கும் ஏற்பாடு இருந்தது. ஒன்றும் நம்பும்படி வேலை செய்யவில்லை. அன்றாடப் பிரதி எடுக்கும் நிரல் பல நாட்களாகத் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் யாருக்கும் வந்து சேரவில்லை. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு ஒருவர் எடுத்து வைத்திருந்த பிரதியால்தான் மீண்டார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெருமதிப்பு.

கோவையிலிருந்து ஒருவர்: என்னுடையது எல்லாம் கூகுள் டிரைவில் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இன்னொரு பிரதி வேண்டும். கணினியோடு ஒத்திசைந்து இயங்கும் மேகச் சேமிப்பு ஒரு நிலைக்கண்ணாடி. இங்கே கோப்பை அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், பிறகு போய்விடும். பிணைப்பணம் கேட்கும் ரான்சம்வேர் உங்கள் கோப்புகளைப் பூட்டினால், பூட்டிய கோப்புகளே மேலே ஏறி நல்லவற்றின் இடத்தில் உட்கார்ந்துவிடும். இரண்டு ஆண்டுகள் தொடாத கூகுள் கணக்கை நீக்க அந்நிறுவனத்தின் விதியே இடம் தருகிறது. மறைந்துபோன உறவினர் ஒருவரின் கணக்கில் குடும்பப் படங்கள் இருக்கின்றன என்றால் இந்த விதியை மறக்காதீர்கள். மேகச் சேமிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேறோர் ஊரில் இருக்கும் பிரதியாக அது அருமையானது. அது மட்டுமே போதும் என்பதைத்தான் ஏற்கமாட்டேன்.

விருதுநகர்: 64 ஜிபி பென் டிரைவ் போதுமா, அண்ணா?

போதாது, தம்பி. பென் டிரைவ் கொண்டு போவதற்கானது, வைத்திருப்பதற்கானது அன்று. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ‘2 டிபி’ பென் டிரைவ்களில் பல, உண்மையில் 32 அல்லது 64 ஜிபி சில்லு வைத்தவை. கொள்ளளவு பெரிதாகத் தெரியும்படி செய்திருப்பார்கள். நிரம்பிய பிறகும் கோப்புப் பெயர்கள் வரிசையாகத் தெரியும், உள்ளே ஒன்றும் இருக்காது. திறந்து பார்க்காதவர்களுக்கு இது தெரியவே தெரியாது.

ஈரோடு: ஹார்ட் டிஸ்கில் டிக் டிக் என்று சத்தம் வருகிறது. பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்கிறார்களே?

உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். பிரிட்ஜ் வேண்டவே வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். மீட்பு மென்பொருளும் வேண்டாம். தரவைப் படிக்கும் தலைப்பகுதி உள்ளே சுழலும் தட்டில் உரசுகிறது என்றால் ஒவ்வொரு நிமிடமும் தரவைச் சுரண்டுகிறீர்கள். தூசியில்லாத அறை வசதியுள்ள மீட்புக்கூடத்துக்கு எடுத்துச் செல்லுங்கள்.

நாகர்கோவில்: எந்த நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் சாகாது?

எல்லாம் சாகும். ஒன்றுக்கு இரண்டாக வாங்குங்கள்.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியை: என் தந்தை ஓய்வுபெற்ற தமிழாசிரியர். 1997 முதல் 2006 வரை அவர் எழுதிய ஏறத்தாழ முந்நூறு கட்டுரைகளைப் பழைய கணினியிலிருந்து டிஸ்குக்கு மாற்றி வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்னபடி இப்போது திறந்து பார்த்தேன். எல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை அம்மா, கலங்காதீர்கள். திறந்து பார்த்தீர்களே, அதற்கு நன்றி.

அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துகளுக்கென்று கணினியில் தனிக் குறியீடுகள் நடைமுறையில் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்து எழுத்துரு செய்தார்கள். பாமினி என்ற எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்றே கிடக்கும். பாமினி எழுத்துரு கணினியில் இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் ஆங்கிலக் குப்பை. உங்கள் திரையில் சாதாரண ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் தெரிந்தால் பெரும்பாலும் பாமினி வகை. தலைக்குமேல் கோடும் புள்ளியுமாக ஐரோப்பிய எழுத்துகள் தெரிந்தால், இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய டிஸ்கி என்ற குறியாக்கமாகவோ, 1999இல் தமிழக அரசு அறிவித்த டேப் குறியாக்கமாகவோ இருக்கலாம். 2010இல் அரசும், உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியாக்கத்துக்கு மாறியது. பழைய கோப்புகள் தாமாக மாறவில்லை.

எனவே கோப்போடு எழுத்துருவையும் பிரதி எடுக்க வேண்டும். பழைய கணினி இன்னும் வீட்டில் இருந்தால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் பான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் எடுத்து வையுங்கள்.

டொரண்டோவிலிருந்து பக்க வடிவமைப்பாளர் ஒருவர்: ஐயா, மன்னிக்கவும், இது பழைய ஆலோசனை. நான் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்திலிருந்து பாமினியில் வேலை செய்தவன். எல்லாவற்றையும் மாற்றும் மென்பொருள் கொண்டு யூனிகோடாக்கிவிட்டு மூலத்தை அழித்துவிட வேண்டும். இரண்டையும் வைத்திருந்தால் எது சரியான பதிப்பு என்று பத்து வருடத்தில் யாருக்கும் தெரியாது.

யூனிகோடாக்க வேண்டும் என்பதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அழிக்க வேண்டும் என்பதில் கடுமையாக மாறுபடுகிறேன்.

பாமினி கோப்பில் நடுவே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால், அது ஆங்கிலமா தமிழா என்பதைச் சொல்வது எழுத்துருக் குறிப்பு மட்டுமே. வெறும் உரையாக எடுத்து மாற்றினால் அந்த ஆங்கிலச் சொல்லும் பொருளற்ற தமிழாகிவிடும். மூலத்தை அழித்தபின் எதை வைத்துச் சரிபார்ப்பீர்கள்? அடுத்தது ரகரம். தட்டச்சுப் பழக்கத்தில் பலர் ‘ர்’ வேண்டிய இடத்தில் துணைக்காலைப் போட்டு அதன்மேல் புள்ளி வைத்தார்கள். தாளில் வேறுபாடு தெரியவில்லை. மாற்றியபின் ‘அவர்’ என்பது ‘அவா்’ ஆகிவிடும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. ‘ஔ’ பல இடங்களில் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து கிடக்கும். இவை ஒரே நாளில் கண்ணில் படுகிற பிழைகள் அல்ல.

டொரண்டோ, மீண்டும்: சரிபார்த்து முடித்த பிறகு? மூலக் கோப்பைத் திறக்கும் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் இன்று எந்தக் கணினியில் ஓடுகிறது? திறக்க முடியாததைத் திறந்து பார் என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்?

நியாயமான கேள்வி. என் சொல்லையே எனக்குத் திருப்பியிருக்கிறீர்கள். பேஜ்மேக்கர் கோப்புகளைப் பொறுத்தவரை என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன். அதைத் திறக்கும் கணினி உயிரோடு இருக்கும்போதே உரையையும் பக்க வடிவையும் தனித்தனியே வெளியே எடுத்துவிட வேண்டும். இதைத் தள்ளிப்போடுவது தவறு. ஆனாலும் மூலத்தை வைத்திருங்கள். முந்நூறு கட்டுரைகளின் உரை, ஒரு கைப்பேசிக் காணொளி அளவு இடத்தைக்கூடப் பிடிக்காது. எது சரியான பதிப்பு என்ற குழப்பத்துக்குக் கோப்புறைப் பெயரே தீர்வு: ‘மூலம், தொடாதே’ என்று ஒன்று, ‘யூனிகோட், சரிபார்த்தது’ என்று இன்னொன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டமும் முதலில் நூல்களை யூனிகோடுக்கு முந்தைய வடிவங்களில்தான் வெளியிட்டது. பிறகு யூனிகோடுக்குக் கொண்டுவந்தது. அந்தத் தன்னார்வலர்கள் இரண்டாவது முறையும் உழைத்ததால்தான் இன்று அந்நூல்களைத் தேடிப் படிக்கிறோம்.

சிவகாசியில் அச்சகம் வைத்திருப்பவர்: இவ்வளவு எதற்கு? பிடிஎப் ஆக்கிவிட்டால் எழுத்துருவும் உள்ளேயே வந்துவிடுமே.

கண்ணால் படிக்க வரும். அதில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், அதே ஜேயும் கேயும்தான் விழும். பிடிஎப் மூன்றாவது பிரதியாக இருக்கட்டும்.

சேலம்: பென் டிரைவில் வைத்தால் போதாதா?

விருதுநகர்த் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

புதுச்சேரி: சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் வேகமாக இருக்கிறதே, அதிலேயே பிரதி எடுத்து அலமாரியில் வைக்கலாமா?

அன்றாடப் பிரதிக்கு நல்லது. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் வைப்பதற்கு நல்லதன்று. அதில் தரவு மின்னூட்டமாக நிற்கிறது, மெல்லக் கசியும். வெப்பத்தில் இன்னும் விரைவாக. கிடப்பில் வைக்கச் சுழலும் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். அதையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை செருகித் திறந்து பாருங்கள்.

வேலூர்: கைப்பேசியில் வாட்ஸ்அப் செய்திகள் அழிந்துவிட்டன…

கைப்பேசி என் துறை இல்லை. தெரியாததைச் சொல்லி உங்களுக்குக் கேடு செய்யமாட்டேன்.

மதுரை: டிஸ்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கர் போட்டுப் பூட்டினால் பாதுகாப்பா?

திருடனிடமிருந்து பாதுகாப்பு. 48 இலக்க மீட்புச் சாவியைத் தொலைத்தால் உங்களிடமிருந்தும் பாதுகாப்பு. என்னாலும் திறக்க முடியாது. அந்தச் சாவியைப் பூட்டிய கணினிக்குள்ளேயே சேமித்து வைத்த மூன்று பேர் என்னிடம் வந்து வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார்கள். தாளில் எழுதி, பட்டாவும் பத்திரமும் இருக்கும் பெட்டியில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

திண்டுக்கல்: 128 ஜிபி பென் டிரைவ்…

போதாது. 128 என்றாலும் 256 என்றாலும் அது ஒரே பிரதி. இந்தக் கேள்வி இன்று மூன்றாவது முறை வருகிறது. தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள். உங்கள் பிள்ளையின் படங்களுக்காகத்தான் இவ்வளவு பேசுகிறேன்.

தஞ்சாவூர் ஆசிரியை, மீண்டும்: பழைய கணினி மாடியில் இருக்கிறது, இன்னும் இயங்குகிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. எதை முதலில் செய்யட்டும்?

முதலில், எந்தக் கோப்பையும் திறந்து சேமிக்காதீர்கள். புதிய வேர்டில் திறந்து பழக்கத்தில் சேமி என்று அழுத்தினால் எழுத்துருக் குறிப்பு மாறிவிடலாம். முழுக் கோப்புறையையும் பான்ட்ஸ் கோப்புறையையும் இரண்டு டிஸ்குகளில் அப்படியே நகலெடுங்கள். ஒன்றைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள். மற்றதிலிருந்து சிறிய கட்டுரை ஒன்றை மட்டும் எடுத்து, என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற மாற்றியில் கொடுங்கள். வந்த யூனிகோட் உரையைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அப்பாவிடம் கொடுத்து, வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியில் துணைக்கால்மேல் புள்ளி வந்த இடங்களைத் தேடி ‘ர்’ ஆக்குங்கள். இது வாசிப்பில் தெரியாது. அந்த ஒரு கட்டுரை பிழையில்லாமல் வந்த பிறகு இரண்டாவதைத் தொடுங்கள். மாற்றியில் ஏதாவது முரண்டு பிடித்தால் எனக்கு எழுதுங்கள், ஞாயிறு முழுவதும் இருப்பேன்.