பணம் திரும்ப வர க்யூஆர் ஸ்கேன் செய்யலாமா?

அக்கா, அந்தக் க்யூஆரைத் தொடாதீர்கள். இன்ஸ்டாகிராமில் 1,850 ரூபாய் கட்டி வாங்கிய கண்டாங்கிச் சேலை வரவில்லை, “பணத்தைத் திருப்பித் தருகிறோம், ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்” என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். யுபிஐயில் ஸ்கேன் செய்ததும் பின் கேட்டாலே நம் பணம் வெளியே போகப் போகிறது என்று அர்த்தம். உள்ளே வர அது தேவையே இல்லை.

கார்டின் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பினீர்களாமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. வெளிநாட்டுத் தளங்கள் சில, கார்டு விவரம் இருந்தால் ஓடிபி கேட்காமலே பணத்தை எடுத்துவிடும். வங்கிச் செயலியில் இப்போதே கார்டை முடக்குங்கள். அப்புறம் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைத்து, போன 1,850 ரூபாய்க்குப் புகார் கொடுங்கள். பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும்.

நானும் ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு இப்படி முன்பணம் விட்டவன்தான். இப்போது ஆன்லைனுக்கென்று தனிக் கணக்கு, அதில் இரண்டாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை. சரி, கண்டாங்கிக்குப் பேர்போன காரைக்குடியிலேயே இருந்துகொண்டு அதற்கு ஏன் இன்ஸ்டாகிராம்?