பணமும் கொடுக்காதீர்கள், பாஸ்வேர்டும் கொடுக்காதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் ஒரு பெண் என்று நம்பிப் பழகியவருக்குத் தன் அந்தரங்கப் படம் ஒன்றை அனுப்பிவிட்டான். பணம் தராவிட்டால் நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்புவோம் என்று மிரட்டுகிறார்கள். பயத்தில் ஒருமுறை கொடுத்துவிட்டோம், மறுபடியும் கேட்கிறார்கள். கட்டணம் கொடுத்தால் படத்தை அழித்துத் தருவதாக ஆன்லைனில் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பவே நம்பாதீர்கள். அடுத்தவர் கையில் இருக்கும் படத்தை எங்கிருந்தோ 'ஹேக்' செய்து அழிக்க யாராலும் முடியாது. இப்படிச் சொல்லி வருகிறவர்கள் முதலில் முன்பணம் கேட்பார்கள், அப்புறம் "அக்கவுண்டைப் பார்க்க வேண்டும்" என்று பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் வாங்கிக்கொள்வார்கள். சில சமயம் மிரட்டியவனும் காப்பாற்ற வந்தவனும் ஒரே கூட்டமாக இருப்பார்கள். பயந்துபோன பெற்றோரைத் தேடிப் பிடிப்பதுதான் இவர்கள் பிழைப்பு, எனக்கு மிரட்டுகிறவனைவிட இவர்கள் மேல்தான் கோபம் அதிகம். மிரட்டுகிறவனுக்கும் இனி ஒரு பைசா கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்ததால்தான் மறுபடி கேட்கிறான்.

எதையும் அழிப்பதற்கு முன்னால் மிரட்டல் செய்திகள், அந்தக் கணக்கின் பெயர், ப்ரொஃபைல் லிங்க், பணம் அனுப்பிய ரசீது இவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள் (படத்தை நகல் எடுக்க வேண்டாம்). பிறகு அந்தக் கணக்கைப் பற்றி இன்ஸ்டாகிராமிலேயே புகார் கொடுத்து, அதற்கப்புறம் பிளாக் செய்யுங்கள். சைபர் குற்றப் பிரிவிலும் புகார் கொடுங்கள். ஆப்பில் அந்தப் புகார் பட்டனை நாலு மெனுவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள், விளம்பரம் மட்டும் தேடாமலே முகத்தில் வந்து நிற்கிறது. "விதிமீறல் இல்லை" என்று தானியங்கிப் பதில் வந்தால் விடாதீர்கள், மறுபரிசீலனை கேளுங்கள்.

படம் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்காக இயங்கும் ஓர் அமெரிக்க அமைப்பு அதை நடத்துகிறது, எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து கைரேகை மாதிரி ஒரு எண்கோவை மட்டும் உருவாகிப் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அதோடு பொருந்தும் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும். வாட்ஸ்அப் மாதிரி மறையாக்கம் செய்த (அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர யாரும் பார்க்க முடியாத) அரட்டைகளுக்குள் இது எட்டாது.

இதில் பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. இந்தச் சேவை 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கானது. இதற்குப் பார்ப்பது படம் எடுத்தபோது இருந்த வயதைத்தான், இப்போதைய வயதை இல்லை. அதாவது இன்று 20 வயது ஆனவரும் தன் 16 வயதுப் படத்துக்கு இங்கேதான் வர வேண்டும். 18க்குப் பிறகு எடுத்த படம் என்றால் 'ஸ்டாப் என்சிஐஐ' என்ற வேறு சேவை. "எனக்கு வயது தாண்டிவிட்டதே" என்று நினைத்து இதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

இதையெல்லாம் செய்யும்போது பையன் பக்கத்தில் இருங்கள். "ஏன்டா அனுப்பினாய்" என்ற விசாரணை இப்போது வேண்டாம். இந்த மிரட்டலில் சிக்கிய சில பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஆகவே இன்று இரவு அவனைத் தனியாக விடாதீர்கள், போனைப் பிடுங்கித் தண்டிக்கவும் வேண்டாம்.

படம் நண்பர்களுக்குப் போகும் என்ற பயம் இருக்கிறதல்லவா, அதற்கு அவனே முந்திக்கொள்ளலாம். நெருங்கிய இரண்டு மூன்று பேரிடம், "என்னை ஒருத்தன் மிரட்டுகிறான், ஏதாவது வந்தால் திறக்காதே, யாருக்கும் அனுப்பாதே, எனக்குச் சொல்லு" என்று சொல்லிவிடட்டும். நண்பர்களின் பெற்றோரிடம் நீங்களும் பேசுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் அந்தரங்கப் படத்தை விளையாட்டுக்காக ஃபார்வர்டு செய்வதும் பெரும்பாலான நாடுகளில் குற்றம், அனுப்புகிறவனும் பள்ளிப் பையனாக இருந்தாலும் சரி.