பழைய புரொப்பெல்லரைக் கழற்றும் முன்

கேள்வி: என்னுடையது 33 அடிப் பாய்மரப் படகு. 28 குதிரைத்திறன் டீசல் எஞ்சின், மூன்று இறக்கை கொண்ட சாதாரண நிலையான புரொப்பெல்லர். எஞ்சின் புத்தகத்தில் அதிகபட்சம் 3,600 சுற்று என்று போட்டிருக்கிறது. லீவரை முழுக்கத் தள்ளினாலும் 3,200-க்கு மேல் ஏறுவதில்லை, கரும்புகையும் வருகிறது. மடங்கும் புரொப்பெல்லர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். மடங்கும் புரொப்பெல்லர் வேறு நோய்க்கான மருந்து. எஞ்சினை அணைத்துவிட்டுப் பாயில் ஓடும்போது தண்ணீர் பின்னுக்கு இழுப்பதைத்தான் அது குறைக்கும். உங்கள் எஞ்சினோ தன்னால் சுற்ற முடியாத சுமையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புதியதையும் பழைய அளவிலேயே வாங்கினால் பணம் போகும், புகை போகாது.

முதலில் காசு செலவில்லாத சோதனைகள். படகின் அடியும் புரொப்பெல்லரும் சுத்தமாக இருக்கின்றனவா? கொட்டலசு (கடலில் எதிலும் ஒட்டி வளரும் ஓட்டுயிரி) ஒட்டிய புரொப்பெல்லர் எந்த எஞ்சினையும் மூச்சுத் திணற வைக்கும். லீவரைத் தள்ளும்போது எஞ்சின் பக்கத்துக் கை நிஜமாகவே கடைசித் தடுப்பைத் தொடுகிறதா? கேபிள் தளர்ந்திருந்தால் தொடாது. சுற்றுமானி பொய் சொல்லலாம். ஒளியால் அளக்கும் கைக்கருவி ஒன்றை இரவல் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். டீசல் ஃபில்டர் அடைத்திருந்தாலும் சுற்று ஏறாது. எக்ஸாஸ்ட் வளைவுக் குழாய்க்குள் கரி படிந்திருந்தால் சுற்றும் ஏறாது, கரும்புகையும் வரும்.

இதெல்லாம் சரியாக இருந்து, அமைதியான தண்ணீரில், கியர் போட்டு, முழு வேகத்திலும் 3,200-தான் என்றால் உங்கள் புரொப்பெல்லர் எஞ்சினுக்குப் பெரியது. ஹப்பில், அதாவது இறக்கைகள் பொருந்தும் நடுக்குமிழில், 16 × 13 என்பதுபோல் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். முதலாவது விட்டம். இரண்டாவது பிட்ச், அதாவது வழுக்கலே இல்லாவிட்டால் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்ற கணக்கு. பிட்ச்சில் ஓர் அங்குலம் குறைத்தால் எஞ்சின் 150 முதல் 200 சுற்று கூடும் என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு 400 குறைகிறது, ஆகவே சுமார் இரண்டு அங்குலம். அதற்குப் புதியது வாங்க வேண்டியதே இல்லை. புரொப்பெல்லர் பட்டறையில் இறக்கைகளை வளைத்து அந்த அளவுக்குப் பிட்ச்சைக் குறைத்துத் தருவார்கள்.

பிட்ச் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எஞ்சின் சத்தமில்லாமல் ஓடும், டீசலும் மிச்சம் என்று சிலர் வாதாடுவார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. எதிர்க்காற்றும் அலையும் சேர்ந்து வரும் நாளில்தான் எஞ்சினின் முழுச் சக்தியும் வேண்டும், அன்றைக்கு அது கிடைக்காது. அதிகச் சுமையில் தொடர்ந்து ஓடும் டீசல் எஞ்சின் சூடாகும், கரி கட்டும்.

கேள்வி: எஞ்சினில் குறை இல்லை, வேகம்தான் வேண்டும். மடங்கும் வகையா, ஃபெதரிங் வகையா?

பதில்: நிலையான மூன்று இறக்கைப் புரொப்பெல்லர் நடுத்தரக் காற்றில் அரை நாட் முதல் ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) வரை வேகத்தைத் தின்றுவிடும். நீர்க்கோடு, அதாவது நீர்மட்டத்தில் படகின் நீளம், 30 அடி உள்ள படகின் உச்ச வேகமே ஏழு நாட்டைச் சற்றுத் தாண்டியதுதான். எனவே இது சின்ன இழப்பில்லை.

மடங்கும் வகையில் இறக்கைகள் பூ கூம்புவதுபோல் பின்பக்கமாக ஒடுங்கிவிடும். இழுவை மிகக் குறைவு. கயிறும் கடற்பாசியும் சிக்குவதும் குறைவு. ஷாஃப்ட் சுற்றும்போது எழும் மையவிலக்கு விசைதான் இறக்கைகளை விரிக்கிறது. ரிவர்ஸில் அந்த விசை தண்ணீரின் தள்ளலோடு மல்லுக்கட்ட வேண்டும். பழைய இரண்டு இறக்கை மாடல்களுக்கு ரிவர்ஸ் என்றாலே அலர்ஜி. பல்சக்கரம் வைத்து இறக்கைகளைச் சேர்த்து இயக்கும் இன்றைய மூன்று இறக்கை வகைகள், ஃபிளெக்சோஃபோல்ட், கோரி போன்றவை, எவ்வளவோ தேவலை.

ஃபெதரிங் வகையில் இறக்கைகள் தம் அச்சிலேயே திரும்பி, வரும் தண்ணீருக்கு விளிம்பைக் காட்டி நிற்கும். மேக்ஸ்-ப்ராப் இதில் பரவலாக அறியப்பட்ட பெயர். ரிவர்ஸ் போட்டால் இறக்கையே திரும்பிக்கொள்வதால் பின்னால் வருவதிலும் நல்ல பிடி இருக்கும். பிட்ச்சை மாற்றியமைக்கலாம் என்பதால் எஞ்சின் மாற்றினாலும் புரொப்பெல்லர் கைவிடாது. ஆனால் இறக்கை தட்டையானது, முறுக்கு இல்லாதது. முன்னோக்கி ஓடும்போது திறன் கொஞ்சம் குறையும். உள்ளே கியர்கள் இருப்பதால் பெரும்பாலானவற்றுக்கு ஆண்டுக்கொரு முறை கிரீஸ் அடைக்க வேண்டும்.

நெருக்கடியான துறைமுகத்தில் அடிக்கடி கட்டுகிறவருக்கு ஃபெதரிங் என்பேன். வார இறுதியில் பாயில் ஓடுகிறவருக்கு மடங்கும் வகை. புரொப்பெல்லர் சுக்கானுக்கு முன்னுள்ள இடைவெளிக்குள் சுற்றும் நீள்கீல் (அடியில் முன்னும் பின்னும் நீண்டு ஓடும் கீல்) படகு என்றால் மட்டும் தேர்வு உங்கள் கையில் இல்லை. மடங்கிய இறக்கைகள் பின்னால் நீண்டு சுக்கானில் இடிக்கக்கூடும். எந்த வகையானாலும் இறக்கை நுனிக்கும் படகின் அடிக்கும் இடையே விட்டத்தில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போது எஞ்சினின் சக்தி, அதிகபட்சச் சுற்று, கியர் விகிதம், ஷாஃப்ட் தடிமன், ஷாஃப்ட் முனைக் கூம்பின் சரிவு, சுழலும் திசை, நீர்க்கோட்டு நீளம், படகின் எடை எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். இவற்றைக் கேட்காமலே அளவு சொல்லும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். இந்த வகைகளுக்கான ஆனோடு (தான் கரைந்து புரொப்பெல்லரை அரிப்பிலிருந்து காக்கும் உலோகத் துண்டு) அந்தந்தக் கம்பெனிக்கே உரிய வடிவில் வரும். போகிற ஊரில் எல்லாம் கிடைக்காது. புரொப்பெல்லரோடு சேர்த்தே இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாயில் ஓடும்போது நிலையான புரொப்பெல்லரைச் சுழல விடுவதா, பூட்டுவதா?

பதில்: சுழல விட்டால்தான் இழுவை குறைவு. ஸ்காட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட சோதனை முடிவும் அதையே சொல்கிறது. ஆனால் கியர்பாக்ஸ் கையேடு சுழலக் கூடாது என்றால் கையேட்டின் பேச்சைத்தான் கேட்க வேண்டும். மடங்கும் வகையைச் சுழல விடவே கூடாது, மடங்காது. எஞ்சினை நிறுத்திவிட்டு, அதன் கையேடு சொல்லும் கியரில் போடுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய வெண்கலப் புரொப்பெல்லர் ஒன்று மலிவாக வருகிறது. ஆங்காங்கே இளஞ்சிவப்பாக இருக்கிறது. தேய்த்தால் போய்விடும் என்கிறார் விற்பவர்.

பதில்: நிறம் போகும், நோய் போகாது. மாங்கனீஸ் வெண்கலம் என்ற பெயரில் விற்பது உண்மையில் பித்தளை. ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு துத்தநாகம். கடல்நீரில் பாதுகாப்பில்லாமல் கிடந்தால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, வலுவில்லாத செம்பு மட்டும் நிற்கும். அதுதான் அந்த இளஞ்சிவப்பு. கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். நல்ல உலோகம் மணிபோல் ஒலிக்கும். அரித்துப்போனது ‘டொக்’ என்று அடங்கிவிடும். ஓர் ஓரத்தில் அரம் வைத்துச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சள் தெரியாமல் சிவப்பே தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நிக்கல் அலுமினிய வெண்கலத்தில் துத்தநாகம் கிடையாது, இந்த நோயும் வராது; தேர்வு இருந்தால் அதையே கேளுங்கள்.

கேள்வி: ஆனோடு எப்போது மாற்றுவது? புரொப்பெல்லருக்குப் பெயின்ட் அடிக்கலாமா?

பதில்: பாதி கரைந்ததும் மாற்றுங்கள். உப்புநீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியம், கழிமுகத்துக்கு அலுமினியம், நன்னீருக்கு மட்டும் மக்னீசியம். ஒரு பருவம் முழுக்க ஓடியும் ஆனோடு புத்தம் புதிதாகவே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். அது வேலை செய்யவில்லை. உலோகத்தோடு தொடர்பு சரியில்லை, அல்லது யாரோ அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டார்கள். வழக்கத்தைவிட வேகமாகக் கரைந்தால் கரை மின்சார இணைப்பைச் சந்தேகப்படுங்கள். அந்த இணைப்பில் கால்வானிக் ஐசோலேட்டர் (எர்த் கம்பி வழியே படகுக்குப் படகு பாயும் சிறு மின்னோட்டத்தைத் தடுக்கும் கருவி) இல்லையென்றால், பக்கத்துப் படகுகளையும் உங்கள் ஆனோடுதான் காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் செம்புப் பெயின்ட் சுழலும் வெண்கலத்தில் நிற்காது. செயில்டிரைவ் (படகின் அடியைத் துளைத்துக் கீழிறங்கும் காலில் புரொப்பெல்லர் மாட்டும் அமைப்பு) என்றால் அதன் அலுமினியக் காலில் அதைத் தொடவே கூடாது, அலுமினியத்தை அரித்துவிடும். புரொப்ஸ்பீட் போன்ற சிலிக்கோன் பூச்சுகள் கொட்டலசைக் கொல்வதில்லை, ஒட்டிக்கொள்ள விடாமல் வழுக்கிவிடுகின்றன. அதனால் ஓடாமல் கட்டியே கிடக்கும் படகில் அவற்றுக்கு வேலை குறைவு. பூசுமுன் உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, கம்பெனி சொல்லும் பிரைமரையே போட வேண்டும். அழுக்குப் படிந்தால் துணியால் துடையுங்கள்; சுரண்டியை எடுத்தால் பூச்சும் கூடவே உரிந்துவிடும்.

கேள்வி: மாட்டும்போது மெல்லிய நட்டு முதலிலா, தடித்தது முதலிலா?

பதில்: மெல்லியது முதலில், தடித்தது மேலே, கடைசியில் காட்டர் பின் (நட்டு கழலாமல் துளையில் செருகி வளைக்கும் கம்பி). அதற்கு முன் ஒரு வேலை: சாவி (ஷாஃப்ட்டுக்கும் புரொப்பெல்லருக்கும் நடுவே பள்ளத்தில் செருகும் உலோகத் துண்டு) இல்லாமல் புரொப்பெல்லரைக் கூம்பில் ஏற்றி, அது வந்து நிற்கும் இடத்தை ஷாஃப்ட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சாவியோடு ஏற்றும்போதும் அதே கோட்டுக்கு வர வேண்டும். வராவிட்டால் புரொப்பெல்லர் கூம்பில் உட்காராமல் சாவியின் முதுகில் ஏறி நிற்கிறது. சாவியை அரத்தால் தேய்த்துச் சரிசெய்த பிறகே நட்டை இறுக்குங்கள்.