பட்டறைப் பக்கம்: கண்ணாடியைக் காப்பாற்ற பீடிங்கை அறுங்கள்

கேள்வி: அண்ணாச்சி, எங்களிடம் அப்பா காலத்து அம்பாசடர் ஒன்று இருக்கிறது. புளியரை வளைவு ஏறி ஆரியங்காவு போகும்போது லேசாகச் சாரல் அடித்தாலே டாஷ்போர்டுக்குக் கீழே தண்ணீர் சொட்டி, கால்மிதி நனைந்துவிடுகிறது. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் வெடித்துக் கல்லாகக் கிடக்கிறது. கண்ணாடியில் ஒரு கீறல்கூடக் கிடையாது. அதை உடைக்காமல் நானும் தம்பியுமாக வீட்டிலேயே கழற்ற முடியுமா?
(வாசகர், செங்கோட்டை)

பதில்: தாராளமாக முடியும். அம்பாசடர், பத்மினி மாதிரி வண்டிகளில் முன்கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டவில்லை. பீடிங்கில் இரண்டு பள்ளம் இருக்கும், ஒன்றில் கண்ணாடி, இன்னொன்றில் பாடித் தகரத்தின் விளிம்பு, ரப்பரின் இறுக்கம்தான் மொத்தத்தையும் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான் சங்கதி.

ஆனால் கத்தியைத் தூக்கும் முன்னால் தண்ணீர் பீடிங் வழியாகத்தான் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தம்பியை டார்ச்சோடு உள்ளே உட்கார வைத்து, நீங்கள் வெளியே நின்று ஹோஸில் மெதுவாக, கீழே ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தண்ணீர் விடுங்கள். எடுத்த எடுப்பில் மேலே விட்டால் எல்லா இடமும் வழிந்து எது ஓட்டை என்றே தெரியாமல் போகும். வைப்பர் தண்டு வெளியே வருகிற இடத்தில் உள்ள ரப்பர் வாஷர் போயிருந்தாலும் இதே மாதிரிதான் கால்மிதி நனையும், அதற்குக் கண்ணாடியைக் கழற்றுவது வீண் வேலை.

பீடிங்தான் என்று உறுதியானால், புது பீடிங் கையில் வந்து சேர்ந்த பிறகே பழையதைத் தொடுங்கள். அம்பாசடர் உற்பத்தி 2014-ல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா ஆலையில் நின்றுபோனது, அதன் பிறகு கடையில் கிடைக்கிற பீடிங் எல்லாம் ஒரே தரமாக இல்லை. முடிந்தால் வண்டியையே கடை வாசலுக்கு ஓட்டிப்போய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். புனலூர், தென்மலைப் பக்கம் திரும்பின இடமெல்லாம் ரப்பர் மரமாக நிற்கிறதே, நல்ல ரப்பருக்கா பஞ்சம் என்று தோன்றும். மரத்துப் பாலில் வருகிற ரப்பர் வெயிலுக்கும் காற்றில் உள்ள ஓசோனுக்கும் தாங்காமல் வெடித்துவிடும். இந்த வேலைக்கு ஈ.பி.டி.எம். என்கிற செயற்கை ரப்பர்தான் சரி, கேட்டு வாங்குங்கள்.

இப்போது கழற்றுவதற்கு வருவோம். பலர் பீடிங்கையும் காப்பாற்றி கண்ணாடியையும் காப்பாற்றப் பார்ப்பார்கள், காய்ந்து இறுகின ரப்பரில் அது நடக்காது, கடைசியில் போவது கண்ணாடிதான். உங்கள் பீடிங் எப்படியும் குப்பைக்குப் போகப்போகிறது. அதனால் அறுத்துவிடுங்கள். வைப்பர் கைகளைக் கழற்றி, பானெட் மேல் கனமான போர்வை விரித்து, டாஷ்போர்டை மூடி, கண்ணாடிக்குக் காற்று வருகிற இடுக்குகளை டேப் போட்டு அடைத்துவிடுங்கள், ஒருவேளை கண்ணாடி பொடிந்தால் அந்த இடுக்கில் விழுகிற துண்டுகள் வருஷக்கணக்கில் கடகடவென்று சத்தம் போடும். கையுறையும் கண்ணுக்குக் கவசமும் கட்டாயம். பீடிங் நடுவில் பளபளவென்று ஒரு பட்டை ஓடினால் அதை முதலில் வளைக்காமல் உருவி எடுங்கள், மறுபடியும் தேவைப்படும். அப்புறம் கட்டர் பிளேடைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, கண்ணாடிமேல் படுத்திருக்கிற வெளிப்பக்க உதட்டைக் கண்ணாடியை ஒட்டியே சுற்றிலும் அறுத்து எடுங்கள். பெயின்ட் பக்கம் பிளேடு போகவே கூடாது, அங்கே விழுகிற கீறலில்தான் நாளைக்குத் துரு பிடிக்கும்.

வெளி உதடு முழுக்கப் போய்விட்டால் கண்ணாடியைப் பிடித்து வைக்க ஒன்றும் இருக்காது. தம்பி உள்ளே இருந்து மேல் மூலையில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து வைத்து மெதுவாகத் தள்ளட்டும், நீங்கள் வெளியே தாங்கிக்கொள்ளுங்கள். நகரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாதீர்கள், எங்கேயோ அறுக்காமல் விட்ட ரப்பர் பிடித்துக்கொண்டிருக்கிறது, அதைத் தேடுங்கள். திருப்புளியை விட்டு நெம்புகிற ஆசை வரும். அந்த ஆசைக்குத்தான் பாதிக் கண்ணாடி பலியாகிறது. மூலையில் உள்ள முத்திரையைப் படித்துப் பாருங்கள், லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒரு படலம் வைத்தது, முறுக்கினால் ஓரத்திலிருந்து விரிசல் ஓடும். டஃபன்டு என்றால் சூடாக்கிக் கெட்டிப்படுத்தின ஒற்றைக் கண்ணாடி, விளிம்பில் இரும்பு சுருக்கென்று பட்டால் போதும், மொத்தமும் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். எடுத்த கண்ணாடியைச் சிமென்ட் தரையில் வைக்காமல், மடித்த சாக்கின் மேல் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், பிள்ளைகள் ஓடுகிற வழியில் வேண்டாம்.

நிஜமான வேலை இனிமேல்தான். கீழ் மூலை இரண்டிலும் தகர விளிம்பைப் பாருங்கள், இத்தனை வருஷம் தண்ணீர் தேங்கின இடம், துரு இல்லாமல் இருந்தால் அதிசயம். கம்பிப் பிரஷ், உப்புத்தாள் போட்டுப் பளிச்சென்று தகரம் தெரிகிறவரை தேய்த்து, பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் அடித்து, நன்றாகக் காயவிடுங்கள். விரலால் அழுத்தினால் தகரம் உள்வாங்கினால் டிங்கரிடம் காட்டி வெல்டிங் வைத்தே ஆகவேண்டும். பட்டி பூசி மூடினால் புது பீடிங்கும் ஒழுகும். இதற்கு நாளாகும் என்பதால் ஜூனில் சாரல் தொடங்கும் முன்பே வேலையை ஆரம்பியுங்கள்.

மாட்டும்போது பீடிங்கை முதலில் கண்ணாடியில் ஏற்றிவிடுங்கள். தகரம் உட்காரவேண்டிய பள்ளத்தில் சுற்றிலும் வழவழப்பான நைலான் கயிறு ஒன்றைப் பதித்து, இரண்டு முனையும் கீழே நடுவில் ஓர் அடி நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வந்து உள்பக்கம் தொங்குகிற மாதிரி விடுங்கள். விளிம்பிலும் பள்ளத்திலும் சோப்புத் தண்ணீர் தாராளமாகத் தடவலாம், கிரீஸ், மண்ணெண்ணெய் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். நீங்கள் வெளியே நின்று உள்ளங்கையால் அழுத்த அழுத்த, தம்பி உள்ளே இருந்து கயிற்றை மெதுவாக இழுத்துக்கொண்டே போனால் ரப்பரின் உள் உதடு தகரத்தைத் தாண்டி வந்து உட்கார்ந்துவிடும். கயிறு போகிற இடத்துக்கு நேராக உங்கள் கையும் போகவேண்டும், இந்த ஒத்திசைவு இல்லாவிட்டால்தான் உதடு மடங்கிக் கிழியும். மதிய வெயிலில் ரப்பர் இளகி இருக்கும், வேலை சுலபம்.

கேள்வி: அண்ணே, எங்கள் பத்மினியிலும் ஒழுகுகிறது. இவ்வளவு பாடு எதற்கு, பாத்ரூமுக்குப் பூசுகிற சிலிக்கானை ஓரம் முழுக்கப் பிதுக்கி விட்டால் போதாதா?
(வாசகி, களியக்காவிளை)

பதில்: வேண்டாம்மா. பூசும்போது வினிகர் வாடை அடிக்கிற சிலிக்கானில் அசிட்டிக் அமிலம் வெளியாகும், அது தகரத்தை அரிக்கும். அதோடு, வெளியே அடைத்துவிட்டால் ஏற்கெனவே உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே நின்று துருவாக்கும். பீடிங் இன்னும் இறுகாமல் மெத்தென்றுதான் இருக்கிறது என்றால், உதட்டைப் பிளாஸ்டிக் பட்டையால் மெல்லத் தூக்கி, இறுகிப்போகாத வகை விண்ட்ஷீல்டு சீலன்ட்டை உள்ளே செலுத்துங்கள். வழிந்ததைத் துடைத்துவிடலாம். ரப்பர் வெடித்திருந்தால் செங்கோட்டைக்காரருக்குச் சொன்னதுதான் உங்களுக்கும்.

கேள்வி: குமுளி ரோட்டில் லாரி டயரிலிருந்து கல் தெறித்து என் புதிய காரின் கண்ணாடியில் சின்னதாக ஒரு புள்ளி விழுந்திருக்கிறது. மாமாவின் பழைய காரில் கயிறு போட்டுக் கண்ணாடி மாட்டியதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் செய்யலாமா?
(வாசகர், கம்பம்)

பதில்: கூடாது. இப்போதைய கார்களில் கண்ணாடியைப் பாலியூரிதேன் பசையால் பாடியோடு ஒட்டிவிடுகிறார்கள், சுற்றி ரப்பர் மாதிரி தெரிவது வெறும் அலங்காரம். அந்தக் கண்ணாடி பாடியின் பலத்தில் ஒரு பங்கு, பல வண்டிகளில் பக்கத்து இருக்கையின் ஏர்பேக் விரியும்போது கண்ணாடியில் மோதித்தான் ஆள் பக்கம் திரும்பும். கண்ணாடி சரியாக ஒட்டவில்லை என்றால் அது பிய்த்துக்கொண்டு போகும். சின்னப் புள்ளிக்குக் கண்ணாடி மாற்றவும் தேவையில்லை, உங்கள் பார்வை நேராகப் போகும் இடத்தில் இல்லை என்றால் ரெசின் என்கிற பிசினை ஏற்றி அடைத்துத் தருவார்கள். அதுவரை அழுக்கும் தண்ணீரும் புகாமல் மேலே செல்லோடேப் ஒட்டி வையுங்கள், கதவை ஓங்கிச் சாத்தாதீர்கள்.