‘கெட்ட ரத்தம்’ என்று சொல்லப்பட்ட பொய்

கேள்வி: செவிலியர் படிப்பில் இருக்கும் என் மகளுக்கு வகுப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் டஸ்கீகி வரலாற்றைச் சொல்லிக் கொடுத்தார்களாம். மருத்துவத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? (வாசகி, மேலூர்)

பதில்: மிக நெருங்கிய தொடர்பு. அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்னும் ஊரை மையமாகக் கொண்டு, 1932-இல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை சுமார் 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்து ஓர் ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் என்னும் மேகநோய் இருந்தும், அதன் பெயரைச் சொல்லாமல் ‘கெட்ட ரத்தம்’ என்று மட்டும் கூறி, இலவசச் சாப்பாடும் ஈமச்சடங்குச் செலவும் தருவதாக ஆசை காட்டி, நோய் உடலை அரிப்பதை வேடிக்கை பார்த்தார்கள். முதுகுத்தண்டில் ஊசியிட்டு நீர் எடுத்ததைக்கூட ‘சிறப்பு இலவசச் சிகிச்சை’ என்றே கடிதம் எழுதி அழைத்தார்கள். பெரும்பாலோர் அதிகம் படிக்காத ஏழை உழவர்கள்; நம் திருமங்கலம் பக்கத்துக் கரிசல்காட்டுக் குத்தகைக்காரரை நினைத்துக்கொண்டால் முகம் தெரியும். 1940-களிலேயே அந்நோயைக் குணப்படுத்தும் பெனிசிலின் மருந்து வந்துவிட்டபோதிலும், 1972-இல் பத்திரிகைகள் அம்பலப்படுத்தும்வரை அது அவர்களுக்குத் தரப்படவில்லை.

இதன் பிறகே, 1974-இல், மனிதர்கள் மீதான ஆய்வுகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே வந்தது. உங்கள் மகளும் நாளை வார்டில் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, கைநாட்டுக்கு மைப்பெட்டியைத் திறக்குமுன், அதில் உள்ளதை நோயாளிக்குப் புரியும் பேச்சில் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

அதிபர் கிளின்டன் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டது 1997-இல்தான். அப்போது உயிரோடிருந்தவர்கள் 8 பேர்.