காலியில் எங்கே தங்குவது: கோட்டைக்குள்ளா, கடற்கரையிலா?

கோவையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "பொங்கல் லீவோடு சேர்த்து 5 இரவு இலங்கையில் காலிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 7 வயது மகன், 66 வயது அத்தை. அத்தைக்கு முழங்கால் வலி, படி ஏற மாட்டார். நாங்கள் சைவம். கணவர் உனவட்டுனவில் கடலோரமாக ரூம் போடச் சொல்கிறார். எனக்கோ கோட்டைக்குள் அந்தப் பழைய வீடுகளில் ஒன்றில் தங்க ஆசை. இரண்டுக்கும் நடுவில் 6 கிலோமீட்டர்தானே, எங்கே தங்கினால் என்ன என்கிறார் அத்தை. ஜனவரியில் லீவு கிடைக்காவிட்டால் மே மாதம்தான். என்ன செய்யலாம்?"

அத்தையின் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். 6 கிலோமீட்டர் ஒன்றுமே இல்லைதான், ஆட்டோவில் கால் மணி நேரம். ஆனால் அந்தத் தூரத்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வரப் போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். 7 வயதுப் பையனுக்குக் கடல் என்பது ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிற இடம் இல்லை. காலையில் ஆறரைக்கு இறங்குவான், ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் இழுத்துக்கொண்டு வர வேண்டும், உடம்பெல்லாம் மணலோடு குளியலறைக்கு ஓட வேண்டும், சாப்பாடு, தூக்கம், மறுபடி நாலு மணிக்கு "கடலுக்குப் போலாம்மா". இருட்டும்போது இன்னொரு தடவை அலையில் கால் நனைக்கக் கேட்பான். இதை ஒவ்வொரு முறையும் ஆட்டோ பிடித்து, ஈரத் துணியோடு உட்காரவைத்துச் செய்தால் இரண்டாவது நாளே உங்களுக்கு அலுத்துவிடும். கோட்டை அப்படியில்லை. மாலை நாலு மணிக்குப் போய், சுவர்மேல் நடந்து, இருட்டியதும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்குத் திரும்பினால் பார்க்க வேண்டியதில் பாதிக்கு மேல் பார்த்துவிடலாம்.

ஆகவே ஒரே இடம்தான் என்றால், ஜனவரியில், பையனோடு, கடற்கரைதான். இதில் உங்கள் கணவர் பக்கம் நிற்கிறேன்.

ஆனால் 5 இரவு இருக்கிறதே. நானாக இருந்தால் முதல் 3 இரவு கடற்கரை, கடைசி 2 இரவு கோட்டை என்று பிரிப்பேன். ஹோட்டல் மாற்றுவது பொதுவாக எனக்குப் பிடிக்காது, பெட்டி கட்டி, காலி செய்து, அடுத்த ரூம் தயாராகும்வரை காத்திருந்து, அரை நாள் போய்விடும். இங்கே தூரம் குறைவு என்பதால் மட்டும் சொல்கிறேன். பெட்டிகளைக் காலையிலேயே கோட்டை வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு நீங்கள் ஊர் சுற்றக் கிளம்பலாம், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கடற்கரை ஏன் முதலில் என்றால், மணலும் ஈரத் துணியும் முதல் மூன்று நாளோடு முடிந்து, கடைசி இரண்டு நாளில் எல்லாம் துவைத்துக் காய்ந்துவிடும். ரயில் நிலையமும் கோட்டையிலிருந்துதான் பக்கம்.

கோட்டைக்கு ஏன் இரவு வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை அங்கே வெயிலும் டூரிஸ்ட் வேன்களும்தான். அந்த நேரத்தில் மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் "கடைகளும் காபி ஷாப்பும்தான் இருக்கு" என்று சொல்வார்கள், அவர்கள் பார்த்தது அவ்வளவுதான். போர்த்துக்கீசியர் 1588ல் தொடங்கி, 1640ல் டச்சுக்காரர் பிடித்து, பெரிதாகக் கட்டிய கோட்டை இது, 1988ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, இதெல்லாம் எந்தப் பலகையிலும் படிக்கலாம். ஆனால் உள்ளே இன்றும் மனிதர்கள் குடியிருக்கிறார்கள், பள்ளிக்கூடம், நீதிமன்றம், மசூதி, தேவாலயம் எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது, அதுதான் இந்த இடத்தின் விசேஷம். காலை ஆறு மணிக்கு எழுந்து பாருங்கள். சுவர்மேல் உள்ளூர்ப் பெண்கள் வேகவேகமாக நடைப்பயிற்சி போவார்கள். தெருவுக்குள் மியூசிக் போட்டுக்கொண்டு பாண் (அங்கே ரொட்டிக்கு அதுதான் பெயர்) விற்கிற ஆட்டோ மெதுவாக வரும், கதவைத் திறந்து யாராவது ஒருவர் கையைக் காட்டுவார், வண்டி நிற்கும், பின்பக்கக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து சூடான ரொட்டி கைமாறும், மறுபடி அதே பாட்டு நகரும். உங்கள் பையன் அந்த வண்டியை மறக்கவே மாட்டான். இரவு ஒன்பதுக்கு மேல் தெருக்கள் காலியாகி, லைட்ஹவுஸ் பக்கம் அலைச் சத்தம் மட்டும் கேட்கும். இந்த இரண்டு நேரத்துக்காகத்தான் உள்ளே தங்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, கோட்டைக்குள் இருக்கும் முஸ்லிம் குடும்பங்கள் பலருக்கு வீட்டு மொழியே தமிழ். சிங்களம் தெரியாதே என்று அத்தை தயங்கத் தேவையில்லை, கடை வாசலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிவிட்டு வரலாம். தமிழுக்கும் காலிக்கும் உறவு பழசுதான். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே கொண்டுவந்து நட்ட, 1409ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு கல்வெட்டு 1911ல் இந்த ஊரில்தான் கிடைத்தது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழியில் இருக்கிறது, தமிழ்ப் பகுதி தென்திசையில் இருக்கும் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் காணிக்கை கொடுத்ததைச் சொல்கிறது. கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். அந்தத் தேனாவரை இன்றைய தெவிநுவர, காலியிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், அங்கே இன்றைக்கும் பெருமாளை வணங்குகிறார்கள். அத்தை கோயில் கேட்டால் ஒரு காலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள், கடற்கரை ஹோட்டலிலிருந்து போனால் இன்னும் பக்கம்.

இனி ரூம். இங்கே நான் கொஞ்சம் கறாராகப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் என் கையாலேயே ஒரு தவறு நடந்திருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்துக்குக் கோட்டைக்குள் ஒரு அழகான வீட்டில் ரூம் போட்டுக் கொடுத்தேன். உயரமான கூரை, நடுவில் முற்றம், நம்ம காரைக்குடி வீடு மாதிரி. மாடி ரூம் என்பதைக் கவனித்தேன், படி எப்படிப்பட்டது என்று கேட்கவில்லை. மரப்படி, ஏணி மாதிரிச் செங்குத்தாக, பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் மட்டும் கம்பி. அந்த அம்மா முதல் நாள் எப்படியோ ஏறிவிட்டார், அடுத்த நாள் முழுக்க ரூமை விட்டு இறங்கவே இல்லை. அதிலிருந்து பழைய வீடு என்றாலே முதல் கேள்வியாகத் தரைத்தளமா என்று கேட்கிறேன். லிஃப்ட் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தரைத்தள ரூமிலும் வாசலில் எத்தனை படி, பாத்ரூமுக்குள் இறங்க ஒரு படி இருக்கிறதா, கமோடுக்குப் பக்கத்தில் பிடிக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். சில ரூம்களில் சன்னல் முற்றத்தைப் பார்த்து மட்டும் இருக்கும், வெளிச்சம் குறைவு. அதே காசுக்குக் கடற்கரையில் கிடைப்பதைவிட ரூம் சின்னதாகவும் இருக்கும், பெரும்பாலும் நீச்சல் குளம் இருக்காது.

பையனைப் பற்றியும் ஒன்று. கோட்டைச் சுவர்மேல் பல இடங்களில் கைப்பிடிச் சுவர் கிடையாது. புல்தரை சட்டென்று முடியும், கீழே பாறையும் கடலும். சூரியன் மறையும் நேரம் எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அப்போது யாராவது ஒருவர் அவன் கையை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஃபிளாக் ராக் பாறையிலிருந்து உள்ளூர் இளைஞர்கள் கடலில் குதித்துக் காட்டுவார்கள், பார்க்கலாம், கிட்டே போக வேண்டாம். லைட்ஹவுஸுக்குக் கீழே ஒரு குட்டி மணல்திட்டு இருக்கிறது, அதை நம்பிக் கோட்டையிலேயே 5 இரவும் இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கால் நனைக்கத்தான் அது சரி.

கடற்கரையில் ரூம் போடும்போது கவனிக்க வேண்டியது வேறு. "பீச்சிலிருந்து 50 மீட்டர்" என்று போட்டிருப்பான். அந்த 50 மீட்டருக்கு நடுவில் காலி–மாத்தறை மெயின் ரோடு போகிறதா என்று மேப்பில் பாருங்கள். உனவட்டுனவைத் தாண்டித் தலவெல்ல, தல்பே பக்கமெல்லாம் ரோடு கடலை ஒட்டியே ஓடுகிறது, தனியார் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும். ஈரக் காலோடு பையன் அந்த ரோட்டைக் கடப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. ரோட்டுக்குக் கடல் பக்கம் இருக்கும் இடம் மட்டும் எடுங்கள், அதிலும் ரோட்டைப் பார்த்த ரூம் வேண்டாம் என்று எழுதிவிடுங்கள், விடிய விடிய ஹார்ன் கேட்கும். உனவட்டுனக் குடாவுக்குள்ளே ரோட்டுத் தொல்லை இல்லை, ரீஃப் (கடலுக்குள் இருக்கும் பவளப்பாறைத் திட்டு) ஓரளவு அலையைத் தடுப்பதால் குழந்தைகளுக்கு அதுதான் நல்லது. ஆனால் அங்கே பீச் பார்களின் பாட்டுச் சத்தம் இரவில் நீளும். குடாவின் நடுப்பகுதியை விட்டு ஓரமாகத் தேடுங்கள். வெள்ளி, சனி கொழும்புக்காரர்களும் வந்து சேர்வார்கள், முடிந்தால் உங்கள் கடற்கரை நாட்கள் வார நாட்களாக அமையட்டும். பௌர்ணமி நாளில் நாடு முழுக்க விடுமுறை, அன்றைக்கும் கூட்டம்தான்.

சாப்பாட்டில் ஒரே ஒரு வார்த்தை தெரிந்தால் போதும்: மாசி. தேங்காய்ச் சம்பல் பார்த்தால் நம்ம துவையல் மாதிரி சிவப்பாக, அப்பாவியாக இருக்கும், ஆனால் பெரும்பாலும் அதில் மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டிருப்பார்கள். சில காய்கறிக் கூட்டிலும் உண்டு. வெறுமனே "வெஜிடேரியன்" என்று சொன்னால் மீன் துண்டு வராது, மாசி வந்துவிடும். "மாசி வேண்டாம், கருவாடு வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இடியாப்பம், பருப்பு, சொதி, பலாக்காய்க் கறி, இதை வைத்து நீங்கள் நன்றாகவே சாப்பிடலாம். கோட்டைக்குள் ஹோட்டல்கள் விலை அதிகம், கோட்டை வாசலைத் தாண்டிப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வந்தால் சோறும் நாலு கறியும் அதில் பாதிக்கும் குறைவாகக் கிடைக்கும்.

சரி, மே மாதம். இங்கே என் பதில் அப்படியே மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கரையில்தான் நேராக அடிக்கும், மே நடுவிலிருந்து கடல் கலங்கி, அலை உயர்ந்து, பையனை இறக்கவே முடியாத நாட்கள் வரும். அந்த மாதத்தில் கடற்கரை ரூமுக்குக் காசு கொடுப்பது வீண். காலிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் 5 இரவும் கோட்டைக்குள் இருங்கள், மழையில் அந்த ஊர் அழகுதான். ஆனால் பையனுக்காக நான் சொல்வேன், காலியை விட்டுவிட்டுத் திருகோணமலைக்குப் போங்கள். மே முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையில் கடல் அமைதி. திருகோணமலை டவுனை ஒட்டிய உப்புவெளியில் கடலோரமாக ஒரே ரூம், 5 இரவும் அங்கேயே, பிரிக்க வேண்டாம். டவுனுக்கு ஆட்டோவில் பத்து நிமிடம். அங்கேயுள்ள பிரெடெரிக் கோட்டைக்குள் ராணுவம் இருக்கிறது, உள்ளே தங்க முடியாது, ஆனால் அதன் வழியாகத்தான் கோணேஸ்வரம் போகிறோம். சம்பந்தர் பாடிய தலம், 1620களில் போர்த்துக்கீசியர் இடித்து அதே கல்லைக் கோட்டைக்குப் போட்டார்கள், இப்போதிருப்பது பிறகு கட்டியது. கோட்டைக்குள் புள்ளிமான்கள் மனிதரைக் கண்டு ஓடாமல் மேயும். கோயிலுக்குப் போகும் வழி ஏற்றம்தான், அத்தைக்காக வெயிலுக்கு முன் மெதுவாகப் போங்கள். பேச்சு, சாப்பாடு எல்லாமே தமிழில் நடக்கும். கஷ்டம் பயணம் மட்டும்தான், கொழும்பிலிருந்து காரில் ஆறு மணி நேரம் ஆகும், நடுவில் ஹபரணையில் இறங்கி ஒரு டீ குடித்துக்கொள்ளுங்கள். மே மாதம் புத்தர் பிறந்த பௌர்ணமித் திருநாளான வெசாக் வருகிறது, அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு புக் செய்யுங்கள், அப்போது உள்ளூர்க்காரர்களே எல்லா ரூமையும் எடுத்துவிடுவார்கள்.

ஜனவரி என்றால் இப்போதே கோட்டை ரூமை முதலில் பிடியுங்கள், கடற்கரையை அப்புறம் பார்க்கலாம். உள்ளே தரைத்தள ரூம்கள் எண்ணிக்கையில் குறைவு, அதோடு ஜனவரி கடைசி, பிப்ரவரி வாக்கில் இலக்கிய விழா வந்தால் அதற்கு வருகிறவர்களும் அதைத்தான் தேடுவார்கள். போகும்போது காரில் ஹைவேயில் போய்விடுங்கள், விமானத்தில் வந்த களைப்பில் அத்தையால் ரயில் ஏற முடியாது. திரும்பும்போது காலியிலிருந்து கொழும்புக்கு ரயில், இரண்டு இரண்டரை மணி நேரம்தான், ரிசர்வ் செய்து இடது பக்கச் சன்னல் கேளுங்கள், கடல் அந்தப் பக்கம் வரும்.