அம்மாவுடன் ஆப்பிள்கிராஸ்: மலைப்பாதையைத் தவிர்க்கலாம்

வணக்கம். அம்மாவுக்கு மலைவளைவுகளில் தலைசுற்றும், அதனால் ஸ்காட்லாந்தின் ஆப்பிள்கிராஸ் தீபகற்பத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

உங்களைப் பயமுறுத்துவது பியலாக் நா பா கணவாய். 626 மீட்டர் வரை ஏறும் கொண்டையூசி வளைவுகள், பயம் நியாயம்தான். ஆனால் ஷீல்டெய்க் என்ற ஊரின் பக்கமிருந்து கடலோரமாகவே இன்னொரு சாலை வருகிறது. 1970களில் போட்டது. சுற்றுதான், மேடுபள்ளமும் உண்டு, ஆனால் அந்தச் செங்குத்து இல்லை. கூகுள் மேப் குறுக்குவழி என்று கணவாய்க்கே இழுக்கும். முதலில் ஷீல்டெய்க் என்று போடுங்கள். திரும்பும்போதும் அதே வழி.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய ஒற்றைத் தடம் என்பதால் ஒன்று முக்கியம்: எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் உள்ளே போகாமல், அதற்கு நேர் எதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். பின்னால் வருபவருக்கும் வழிவிடுங்கள், அவர் உள்ளூர்க்காரராக இருக்கலாம். படமெடுக்க ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்தவே கூடாது.

ஆப்பிள்கிராஸ் ஊருக்குச் சற்று வடக்கே சாண்ட் கடற்கரையில் அம்மாவை உட்கார வையுங்கள். எதிரே ராசே தீவு, அதன் பின்னால் ஸ்கை தீவின் மலைகள். அங்கே அவசரப்படாதீர்கள். பிறகு கரையோரத்து வெள்ளை வீடுகளின் வரிசையில் இருக்கும் விடுதியில் மீன் சாப்பிடலாம். மேசைக்கு முன்பே சொல்லிவையுங்கள்.